வலது கால் மூன்று விரல் குட்டை

காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு துணிக்கடை திறந்திருக்கிறார்கள். வாசலில் தலையில்லாத பொம்மை ஒன்றுக்கு நீலக் கோடு போட்ட பைஜாமாவை மாட்டி, ‘அந்தக் காலத்து ஸ்டைல்’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். போன வாரம் தோசை மாவு வாங்கக் கிளம்பியவன் அதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டேன். போனவன் சும்மா இருந்தேனா? அடுக்கிலிருந்து ஒரு பைஜாமாவை எடுத்து மோந்து பார்த்தேன். கஞ்சி வாசனை இல்லை. இன்னொன்றை எடுத்து மோந்தேன். அதிலும் இல்லை. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனபோது விற்பனைப் பெண் வந்து, “சார், ட்ரையல் ரூம் அந்தப் பக்கம்” என்றாள். அவள் திரும்பிய சமயம் பார்த்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து நீளம் பார்த்தேன். சமமாக இருந்தன. எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. பைஜாமாவின் இரண்டு காலும் சமமாக இருந்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஏமாற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

புதுத் துணியின் கஞ்சி வாசனை எனக்குப் பழக்கமானதே ஒரு தவறினால்தான். சில வருஷங்களுக்கு முன் என் மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினேன். அவள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நான் எப்பவாவது தைக்கணும்னு சொன்னேனா?” என்றாள். யோசித்துப் பார்த்தேன், சொன்னதில்லை. மூன்று மாதம் அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள் குவிந்துகிடந்தன. குற்றவுணர்ச்சி தாங்காமல் நானே ஒரு தலையணை உறை தைத்தேன். நேர்த்தியாக வந்தது. நான்கு பக்கமும் தைத்துவிட்டேன் என்பது தலையணையை உள்ளே நுழைக்கப் போனபோதுதான் தெரிந்தது.

அந்த உறையோடு மூன்றாம் மாடி ஜோதி அக்காவிடம் போய் நின்றேன். எங்கள் அடுக்ககத்தில் பொழுதுபோக்காகத் தைக்கிறவர்கள் சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில்தான் கூடுவார்கள். அவர்கள் என்றால் பெருங்கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஜோதி அக்கா ஒருவர். கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, நசரத்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே வருகிற தயாளன் ஒருவர். என்னைப்போல் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற, எதையும் வீடியோவில் பார்த்துவிட்டே செய்கிற ஷாலினி ஒருத்தி. என் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தயாளன், “இன்னா சார், தலகாணிக்கு வாய் எங்க கீது?” என்று கேட்டார். அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மெஷினை டிராலி சூட்கேஸில் வைத்து லிஃப்ட்டில் கொண்டுபோவேன். வாட்ச்மேன் ஒவ்வொரு சனிக்கிழமையும், “ஊருக்கா சார்?” என்பார். “மூணாவது மாடிக்கு” என்பேன். மூன்று மணி நேரத்தில் திரும்பி வரும்போது, “அதுக்குள்ள வந்துட்டீங்களா?” என்பார்.

பைஜாமா விஷயத்துக்கு வருகிறேன். ஜோதி அக்காவின் அப்பா ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். பீரங்கி வண்டிகளுக்குச் சங்கிலிப் பட்டை பூட்டுகிற பிரிவு. ஓய்வு பெற்று, மனைவியும் போனபின், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்து இருந்தார். வேட்டி கட்டிப் பழக்கமே இல்லாத மனிதர். அவருடைய மனைவி கடைசியாகத் தைத்துக் கொடுத்த நீலக் கோட்டுப் பைஜாமாவை யாரையும் தொட விடமாட்டார். தானே துவைத்து, தானே காயப்போட்டு, தானே மடித்து வைப்பார். அவர் இறந்து முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி இறந்தவருக்குப் புதுத் துணி வைத்துப் படைக்க வேண்டும். படைத்த துணியை அன்றே வீட்டு மனிதர் ஒருவர் உடுத்திவிட வேண்டும்.

“எல்லாரும் வேட்டி வைக்கச் சொல்றாங்க. கட்டவே தெரியாத மனுஷனுக்கு வேட்டி வெச்சா, அங்க போய் அவுத்துக்கினு நிப்பாரு” என்று அந்தப் பழைய பைஜாமாவை எடுத்துவந்து காட்டினார் ஜோதி அக்கா. “எனக்கு இதே மாதிரி வேணும். அச்சு அசல் இதே மாதிரி.”

ஆளுக்கு ஒன்று தைப்பது, நன்றாக வந்ததைப் படையலுக்கு வைப்பது என்று முடிவானது. ஜோதி அக்கா பூந்தமல்லியில் தேடி அதே நீலக் கோட்டுத் துணியைப் பிடித்துவந்தார். பிரித்தபோது வீடு முழுக்கக் கஞ்சி வாசனை. ஆனால் அசல் பைஜாமா கை பட்டாலே கிழிகிற நிலையில் இருந்தது. அதை முழுதாகப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இடது காலை மட்டும் பிரித்துக் காட்டினார். நான் நியூஸ்பேப்பரை அடியில் வைத்து வரைந்து வெட்டினேன். அடுத்த சனிக்கிழமை வலது கால். அதைத் தயாளன் வரைந்தார். பழைய காலத்துத் தையல், ஒரு காலுக்கு ஒரே துண்டு. இடது பேப்பரை வைத்து இடது காலையும், வலது பேப்பரை வைத்து வலது காலையும் நால்வரும் வெட்டிக்கொண்டோம். வலது பக்கம், இடது பக்கம் என்று தவறாமல் எழுதி வைத்த நாங்கள், அந்த இரண்டு பேப்பரையும் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் அலுவலகத்தில் பார்ப்பது பிறருடைய வேலையில் தவறு கண்டுபிடிக்கிற வேலை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓரம் மடிப்பது அவரவர் வீட்டில் என்று பிரிந்தோம். நான் மடித்துத் தைத்து, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வலது பக்கம் மூன்று விரற்கடை மேலே ஏறி நின்றது. என் தையலில் பிழை இருக்கும் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தலையணை உறை அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன். தையல் சரி என்றால் கோளாறு காலில்தான் இருக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டு இன்ச் டேப்பைக் கொடுத்து, என் இரண்டு கால்களையும் இடுப்பிலிருந்து அளக்கச் சொன்னேன்.

“இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. அவளுக்கு அளக்கத் தெரியவில்லை என்று முடிவுசெய்து, நான்கு நாள் அந்தப் பைஜாமாவைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். ஒரு பக்கச் செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்து நடந்தும் பார்த்தேன். அலுவலகத்தில் ஒருத்தர், “கால்ல என்ன சார், அடிபட்டுடுச்சா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

திதி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மதியம் நால்வரும் பைஜாமாவோடு கூடினோம். யார் முகத்திலும் களையே இல்லை. “அக்கா, என்னுது கொஞ்சம் மாறிப்போச்சு” என்று முதலில் பையைத் திறந்தவர் தயாளன். வலது கால் குட்டையாக இருக்கிறதே என்று இடதை வெட்டியிருக்கிறார். அது இதைவிடக் குட்டையாகிவிட, இதை வெட்டியிருக்கிறார். இப்படியே நியாயம் பார்த்துப் பார்த்து, அவர் கையில் இருந்தது சுத்தமான பட்டாபட்டி டவுசர். ஷாலினி குட்டைக் காலில் லேஸ் வைத்துச் சமன்படுத்தியிருந்தாள். ஒரு காலில் மட்டும் லேஸ் இருந்தால் நன்றாயிராது என்று மற்றதிலும் வைத்துவிட்டாள். ஜோதி அக்கா நீளக் காலை இடுப்புப் பக்கம் மடித்துத் தைத்திருந்ததில், அவருடைய பைஜாமா மேஜைமேல் படுத்திருக்கும்போதே ஒருக்களித்திருந்தது. ஒவ்வொருவரும் தன் தப்பு என்றே நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. என் காலைப் பற்றி நானும் சொல்லவேண்டியதாயிற்று.

சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஷாலினிக்குத்தான் தோன்றியது, அசலைப் பார்க்கலாம் என்று. ஜோதி அக்கா முதல்முறையாக இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். வலது கால் மூன்று விரல் குட்டை.

ஜோதி அக்காவின் முகம் மாறிவிட்டது. “எங்கப்பாக்குக் கால்ல ஒண்ணும் இல்லியே” என்றார். பிறகு, “ஒரு பக்கம் தூக்கிக்கினே இருக்கும். நாடாவ ஒழுங்கா கட்டத் தெரியாதாப்பான்னு தெனம் திட்டுவேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவுத்துத் திரும்பக் கட்டுவாரு” என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தயாளன் குனிந்து, வலது கால் ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துவைத்தும் போகாத கறுப்புக் கறை ஒன்று உள்பக்கம் இருந்தது.

“அக்கா, அப்பா சைக்கிள் ஓட்டுவாரா?”

“ஆவடில அதான் ஓட்டுவாரு.”

“பைஜாமா போட்டுகினா?”

“காலைல பால் டிப்போக்கு.”

“அப்ப இன்னா, அவ்ளோதான். செயின் வலது பக்கந்தானே கீது? இது கிரீஸு. எப்பவோ துணி மாட்டிகினு கிழிஞ்சிருக்கும், அதுலேர்ந்து அம்மா எல்லாத்துலயும் அந்தப் பக்கத்த மட்டும் தூக்கியே தச்சிருப்பாங்கோ.”

நாளெல்லாம் பீரங்கி வண்டிச் சங்கிலியோடு மல்லுக்கட்டிய மனிதர், சைக்கிள் சங்கிலிக்குப் பயந்து கால் குட்டையாக உடுத்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜோதி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் பின்னாடி கேரியர்ல உக்காந்துப்பேன். அவரு முதுகு மறைக்கிறதுல முன்னாடி ஒண்ணுமே தெரியாது. குனிஞ்சு அந்தக் கணுக்காலத்தான் பாத்துக்கினே போவேன். நூறு தடவ ஏறி எறங்கிச்சின்னா டிப்போ வந்துடும்” என்றார். “அது ஏன் தெரிஞ்சிதுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் யோசிக்கவே இல்ல பாரு.”

இருந்த நான்கில் மூன்று திருத்தப்பட்டுக் கெட்டுவிட்டன. திருத்தாத ஒன்று என்னுடையது. நான் அதைப் போட்டு நான்கு நாள் தூங்கியிருந்தேன். ஜோதி அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இல்ல தம்பி, அவரு ஒருத்தர் போட்டதப் போடமாட்டாரு” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மிச்சத் துணியை விரித்தோம். தயாளன் வெட்டினார், நான் மூட்டினேன், ஜோதி அக்கா நாடா கோத்தார், ஷாலினி ஓரம் மடித்தாள். வேண்டுமென்றே கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஷாலினியின் கை தானாகவே சமன்செய்யப் போகும். நாங்கள் மூவரும் “ஏய் ஏய்” என்று கத்துவோம். துணி நூல் பிசகாமல் சரியாக இருந்தது. வலது கால் குட்டை என்பதால்தான் போதுமானதாகவும் இருந்தது.

ஞாயிறன்று இலைக்குப் பக்கத்தில் வடை, பாயசத்தோடு பைஜாமாவும் மடித்து வைக்கப்பட்டது. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். படையல் முடிந்ததும் ஜோதி அக்காவின் தம்பி முரளி அதை விரித்துப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, ஒரு காலு ஏறிக்கீது? நான் போடமாட்டேன்பா. ஊரே சிரிக்கும்.”

ஜோதி அக்கா பைஜாமாவைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனார். வெளியே வந்தபோது அதைப் போட்டு, மேலே தன் மகனுடைய சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். “தயாளா, சாவியக் குடு” என்றார். சாவி என்றது சைக்கிள் சாவியை.

எல்லோரும் அவர் பின்னாலேயே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். வடைத் தட்டைக் கீழே வைக்க மறந்த முரளியும் ஓடிவந்தார். சைக்கிளில் ஏறிய ஜோதி அக்கா முதல் சுற்றில் ஒரு காரின் கண்ணாடியை இடித்தார். இரண்டாம் சுற்றில் வாட்ச்மேன் விசில் ஊதினார். மூன்றாம் சுற்றில் ஜோதி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வலது கணுக்கால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. “மாட்டல! மாட்டவே இல்லப்பா!” என்று கத்தினார். அந்த ‘அப்பா’ எங்களைப் பார்த்துச் சொன்னதல்ல. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முரளி என் பக்கத்தில் நின்றிருந்தார். தயாளன் காரணத்தைச் சொன்னதும் வடைத் தட்டை ஒரு காரின்மேல் வைத்தார். பிறகு மெதுவாக, “நான் சைக்கிள்ல முன்னாடி பார்ல உக்காந்துப்பேன் சார். அவரு காலப் பாத்ததே இல்ல. எனக்கு ரோடுதான் தெரியும்” என்றார்.

இப்போது மூன்றாம் மாடியில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஜோதி அக்கா வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். ஷாலினி வெளிநாட்டில் இருக்கிறாள். தயாளனுக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் வருவதை நிறுத்திவிட்டார். அவர் சைக்கிள் நிறுத்திய இடத்தில் இப்போது பேட்டரி கார்களுக்குச் சார்ஜ் போடுகிறார்கள். சனிக்கிழமை மதியங்களில் நான் தூங்குகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயதாகிறது. காலையில் நான்தான் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். என் கால்களுக்கு முன்னால், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காட்டுப்பாக்கம் சிக்னல், தண்ணி லாரி, எதிரே வருகிற மாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கு ரோடு முழுக்கத் தெரிகிறது.