ரெலிக்ட் என்று எழுதிய கல்

இருளாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. மலேசியாவின் பத்து காஜா ஊரில், வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டுகிறாள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மூடியபோது, அவள் கணவன் பத்துமலை, தெலுக் இந்தான் ஊருக்கு வேலை தேடிப் போனான். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது; ஆளும் வரவில்லை, சேதியும் இல்லை. அவனுடைய ரப்பர் பூட்சைக் காலைதோறும் கவிழ்த்துத் தட்டி வாசலில் வைப்பாள். தேள் புகுந்திருக்கலாம்; வருகிறவன் பார்க்காமல் காலை விட்டுவிடுவான்.

மகள் தினேஸ்வரிக்குத் திருமணம் நிச்சயமானதும் பத்துமலையின் தம்பி கனகராஜ் வந்தார்.

"அண்ணி, புல்லுல அண்ணன் உருவம் கட்டி எரிச்சு, கருமாதி பண்ணிருவோம்லா. அலையுற ஆவிய வச்சிக்கிட்டு கல்யாணம் வேணாம்."

"ஆவிய நீ பாத்தியா? என் பொட்டழிக்க உனக்கென்ன அவசரம்?"

அந்தச் சனிக்கிழமை தினேஸ்வரி கல்லறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஈப்போவில் வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இருளாயி ஒரு கல்லைக் காட்டினாள். பாசியைச் சுரண்டிச் சுரண்டி அதன் எழுத்துகள் அவள் விரலுக்குப் பழகியிருந்தன, பொருள்தான் தெரியாது.

"மார்கரெட். ஹென்றியோட ரெலிக்ட்." மகள் போனில் தேடினாள். "விதவைன்னு அர்த்தம்மா. இப்ப யாரும் சொல்றதில்ல. லத்தீன்லேருந்து வந்ததாம். மூலத்துல, விடப்பட்டவ."

"புருசன் செத்தா? இல்ல, சும்மா விட்டுட்டுப் போனாலுமா?"

"மூலத்துல சாவே இல்லம்மா. விடப்பட்டவ, அவ்வளவுதான்."

"ஹென்றி கல்லு எங்க?"

"இங்க இல்ல."

அன்று இருளாயி அதற்குமேல் புல் வெட்டவில்லை. அவன் செத்திருப்பானோ என்றுதான் இத்தனை வருடம் பயந்தாள். இப்போது அவள் மனதில் அவன் உயிரோடிருந்தான். தெலுக் இந்தானில் யார் வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றினான். உள்ளே யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடினாலும் அந்த வாசல் போகவில்லை.

மாலையில் கனகராஜுக்குப் போன் செய்தாள்.

"கருமாதிய வச்சிரு தம்பி."

"என்ன அண்ணி, திடீர்னு?"

"செத்தவராவே இருக்கட்டும். விட்டுட்டுப் போனவரா இருக்க வேணாம்."

அதை மனவுறுதி என்று புகழ்வதற்கில்லை. ஒரு பயம் இன்னொரு பயத்தைத் தள்ளியது.

ஆற்றோரத்தில் லாலாங் புல்லை அவளே உருவமாகக் கட்டினாள். கனகராஜ் அதன் காலில் பூட்சை மாட்டினார். கற்பூரம் ஏற்றப் போனவரை, "இரு" என்று நிறுத்தினாள்.

பூட்சைக் கழற்றினாள். கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே பார்த்தாள். திரும்ப மாட்டிவிட்டாள்.