அம்மாவுக்குப் பதினொரு வரி

போன வாரம் என் தங்கை மகளுக்கு எழுதுபொருள் வாங்க புக்கிட் பாத்தோக் கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். அவள் ஒவ்வொரு ஹைலைட்டராக மூடியைக் கழற்றித் துண்டுத்தாளில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் மையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பரீட்சைப் பயம் பிடித்துக்கொண்டது. பரீட்சை எழுதியவர்களுக்குத்தான் அப்படி ஆகும் என்று நினைக்கிறீர்களா? பரீட்சைக்குப் பாடம் சொன்னவனுக்கும் ஆகும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், சனிக்கிழமை மதியங்களில் துணைப்பாட வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி இறுதிப் பொதுத்தேர்வான சாதாரண நிலைக்குத் தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைகள் எட்டுப் பேர். கீழே பூக்கடை. கவிதை நடத்தும்போது மல்லிகை வாசனை மேலே வரும், எனக்கும் ஒரு மிதப்பு வந்துவிடும். நாடகம் நடத்தும்போதுதான் சிக்கல். கீழே சேலைக்குப் பேரம் பேசுகிறவர்கள் எங்களைவிட நன்றாக நடிப்பார்கள்.

என் பெயர் அந்த வட்டாரத்தில் கொஞ்சம் பரவியிருந்தது. அதற்குக் காரணம் என் தமிழ் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நான் நன்றாக 'ஸ்பாட்' பண்ணுவேன், அவ்வளவுதான். பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்த வருடம் எந்தக் கேள்வி வரும் என்று கிளி ஜோசியக்காரன் மாதிரி சொல்வது. இந்த ஊரில் டியூஷன் வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய படிப்பு கிடையாது. மஞ்சள் பூசிய பக்கம் கட்டாயம் வரும். இளஞ்சிவப்பு, வந்தாலும் வரும். நிறமே இல்லாத பக்கத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு வருடம் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

வகுப்பில் ஒன்பதாவது ஆள் ஜுலைகா அக்கா. நாற்பது வயது, தனித்தேர்வர். வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மளிகைக்கடையில் நிற்பதற்காகப் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். இப்போது ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, கைகால் கழுவிவிடுவது, தூங்கவைப்பது. தமிழாசிரியை ஆக இன்னும் ஒரே ஒரு பாடத்தில் கிரெடிட், அதாவது வெறும் பாஸுக்கு மேலான தேர்ச்சி, வேண்டும். வாங்கிவிட்டால் அடுத்த ஆண்டு வகுப்பு உங்களுக்குத்தான் என்று அந்தப் பள்ளியின் முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். மற்ற பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறியவர், கடைசிப் பாடத்துக்கு இலக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வரும்போதெல்லாம் வீட்டில் பொரித்த கறிபாப் ஒரு டப்பா நிறைய வரும். பதினைந்து வயது இளையவனான என்னை 'சார்' என்பார். கூச்சப்பட வேண்டியது நான். படவில்லை.

அந்த வருட நாடகம் இரண்டு மகன்கள் வீட்டைப் பங்குபோடச் சண்டையிடும் கதை. மூன்று காட்சிகள். அண்ணனுக்குப் பக்கம் பக்கமாக வசனம். அம்மாவுக்கு மொத்தமே பதினொரு வரி. வகுப்பில் பாத்திரம் பிரித்துச் சத்தமாக வாசிப்போம். அண்ணனாக வாசிக்கப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். அம்மா வேடத்தை யாரும் தொடமாட்டார்கள், அது அக்காவுக்குப் போனது. அவர் வாசித்தால் மற்றவர்கள் தங்கள் வரியை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நேரமாகிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அண்ணனுக்கு மஞ்சள் பூசச் சொன்னேன். ஐந்து குறிப்புகளோடு மாதிரி விடையும் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. அக்கா கையைத் தூக்கினார்.

"அந்த அம்மாவப் பத்திக் கேட்க மாட்டாங்களா சார்? எனக்கு அவங்களத்தான் நல்லாப் புரியுது."

பதினொரு வரி பேசுகிற ஆளைப் பற்றி யார் கேட்பார்கள், வராததைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

தேர்வு முடிந்த மத்தியானம் என் கைத்தொலைபேசி ஓயவில்லை. "சார், அண்ணன் வந்துட்டான் லா!" எனக்குக் கால் தரையில் இல்லை. கடைசியாகப் பேசிய பெண்தான் முழுக் கேள்வியையும் படித்தாள். அண்ணனின் பாத்திரப் படைப்பை விளக்குக, அல்லது அம்மாவின் பாத்திரப் படைப்பை விளக்குக. சரிதான், அக்காவுக்கு லாட்டரி அடித்துவிட்டது என்று மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

முடிவு வந்த அன்று அக்கா மாடிப்படி ஏறி வந்தார். கையில் அன்றைக்கும் கறிபாப் டப்பா. ஒரே ஒரு படி குறைந்து கிரெடிட் போய்விட்டது. பாலர் பள்ளி வகுப்பு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அம்மாவைப் பற்றித்தானே எழுதினீர்கள், எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"இல்ல சார். நீங்க வேணாம்னு சொன்னீங்கல்ல. எனக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கும்னு அண்ணனையே எழுதிட்டேன். நாலாவது பாயின்டு மறந்துபோச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. சிராங்கூன் சாலை பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு நடந்துகொண்டே சொன்னார்.

"அந்த அம்மா திரும்பத் திரும்ப 'சாப்பிட்டியா'ன்னுதான் சார் கேக்குது. மொதக் காட்சியில அது பாசம். ரெண்டாவதுல சண்டைய நிறுத்தக் கேக்குது. மூணாவதுல யாருமே பதில் சொல்லல. அப்பவும் கேக்குது பாருங்க, தான் இன்னும் இந்த வீட்டுல ஒரு ஆளா இருக்கோமான்னு தெரிஞ்சுக்க."

எத்தனையோ விடைத்தாள் திருத்திவிட்டேன், அப்படி ஒரு விடையைப் பார்த்ததில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று சொல்லி மேலே பேசிக்கொண்டே போனார். பேருந்து வந்தது, ஏறிவிட்டார்.

மறு ஆண்டு பாடநூல் மாறியது, நாடகமும் மாறியது. அக்கா புது நாடகத்தைப் படித்து எழுதி கிரெடிட் வாங்கினார், ஆசிரியையும் ஆனார். ஒரு வருடம் என்னால் போனது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் கேள்வி ஸ்பாட் பண்ணிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளும் குறைந்தார்கள். அந்த மாடி இப்போது பயணிகள் தங்கும் விடுதி. பையை முதுகில் மாட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் படியில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறார்கள்.

கடையிலிருந்து வீடு திரும்பியதும் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார், குரல் அப்படியே இருக்கிறது. தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அன்றைக்கு நிறுத்தத்தில் முக்கியம் என்று ஒன்று சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டேன்.

"எந்த நாடகம் சார் அது?" என்றார்.

நான் கதையைச் சொன்னேன். அம்மாவின் மூன்று கேள்விகளையும் சொன்னேன். நான்தானா அப்படிச் சொன்னேன், நன்றாகத்தானே இருக்கிறது என்று சிரித்தார். மற்றது அவருக்கு ஞாபகம் இல்லை. அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அவர் அதைச் சொன்னபோது, வருகிற பேருந்து அவருடையதுதானா என்று நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.