யசோதாவின் மெஷின்

"கம்மியா இருந்தா நாலு போடுக்கா. ஜாஸ்தியா இருந்தா நாலு எடு."

ஜீவனஹள்ளியில் சாயங்காலம் ஆறு மணிக்கு யசோதா வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் இந்த அதட்டலைக் கேட்காமல் தப்ப முடியாது. காய்ந்த அவரைக் கொட்டைகளை எண்ணிப் போடுகிறவள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. ஊதுபத்தி உருட்டிக் கறுத்துப்போன விரல்கள். எழுதப் படிக்கத் தெரியாது.

"படிச்சவங்க நான் தப்பா எழுதினாலும் சரியாப் புரிஞ்சிப்பாங்க. மெஷின் அப்படி இல்ல. உன்ன மாதிரி, சொன்னத மட்டும்தான் செய்யும்க்கா" என்பாள் யசோதா.

"என் வூட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லு இத" என்பாள் பாஞ்சாலி.

யசோதாவுக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்ஸி. கணிதம். ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றும் வேலை. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதப் புத்தகம் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர் இருப்பது பம்பாயில். அவள் கண்ணால் கண்டதில்லை. கட்டளை எழுதும் பழக்கம் வீட்டையும் விடவில்லை. "தக்காளி நல்லா இருந்தா அரைக் கிலோ, இல்லன்னா கத்திரிக்கா, அதுவும் இல்லன்னா சும்மா வந்துடுங்க" என்றுதான் அப்பா முனிராஜைக் கடைக்கு அனுப்புவாள். அவரோ அவரைக் கொட்டைக் குழம்புக்கு ஏங்கி மூன்று மாதமாகிறது. கொட்டைகளை அவள் தொடவிட்டால்தானே!

அவள் எழுதியது ஏரியின் நீர்மட்டத்தை முன்கூட்டிச் சொல்லும் கணக்கு. மெஷின் ஒரு மட்டத்தை ஊகிக்கும். பழைய குறிப்போடு ஒப்பிடும். பிசகினால் தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி ஊகிக்கும்.

"மெஷின் கத்துக்கறதாக்கும்!" என்று சிரித்தார் மேலதிகாரி சீனிவாசராகவன். "பாம்பே மெஷின்ல இருபது நிமிஷம்தான் குடுத்திருக்கா. ஓடலேன்னா நீ பழையபடி கைப்பிடியச் சுத்து."

கட்டளைகளைத் துளைகளாகப் பதித்த அட்டைகள் பம்பாய்க்கு ரயிலேற இரண்டே நாள் இருந்தது. வலது கிண்ணத்தில் பதினேழு கொட்டை, அது ஏரியின் உண்மை மட்டம். இடது கிண்ணத்தில் பதினைந்து, அது மெஷினின் ஊகம். பாஞ்சாலியை உட்காரவைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள் யசோதா. திரும்பி வந்தால் பாஞ்சாலி இன்னும் நிறுத்தவில்லை. நாலு போட்டால் பத்தொன்பது. நாலு எடுத்தால் மறுபடி பதினைந்து.

"போட்டு எடுத்துனே கீறேன் யசோ. எப்போ நிறுத்தறதுன்னு நீ சொல்லவே இல்லியே!"

பம்பாயிலும் இருபது நிமிஷமும் இதே கூத்துதான் நடந்திருக்கும்! யசோதா அங்கேயே உட்கார்ந்து கட்டளையைத் திருத்தினாள். உண்மையைத் தாண்டிவிட்டால் அடுத்த முறை பாதிதான் மாற்ற வேண்டும். சமமானதும் நிறுத்த வேண்டும். பாஞ்சாலி நாலு போட்டாள். பத்தொன்பது. இரண்டு எடுத்தாள். பதினேழு.

"நின்னுட்டேன்!" என்று கைதட்டினாள். மறுநாள் புது அட்டைகளில் துளையிட்டு அனுப்பினார்கள்.

பதினோராம் நாள் தந்தி வந்தது. முதல் ஓட்டத்திலேயே விடை சரி. ஏழு நிமிஷமே போதுமாயிருந்ததாம். சீனிவாசராகவன் அதை எல்லார் முன்னாலும் இரண்டு தடவை படித்தார். "அடுத்த மாசம் ஒரு மணி நேரம் கேட்டிருக்கேன். மொத்தமும் உனக்குத்தான்" என்றார். யசோதா அன்றைக்குப் பஸ்ஸில் உட்காரவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

"அப்போ அந்தப் பாம்பே மெஷினு, என்ன மாரியே நின்னுச்சா?" என்றாள் பாஞ்சாலி.

"உன்ன மாதிரியேதான்க்கா."

யசோதா இரண்டு கிண்ணங்களையும் எடுத்தாள். கொட்டைகளை மொத்தமாகப் பாத்திரத்தில் கவிழ்த்து, ஊறுவதற்குத் தண்ணீர் ஊற்றினாள், ஒன்றைக்கூட எண்ணாமல்.