முட்டு மரத்தில் மிச்சம் பிடித்த லாபம்

என்னால் ஒரு மனிதர் உயிரோடு மண்ணுக்குள் புதைந்தார். ஏழுமலையான் அவரைத் திருப்பிக் கொடுத்தான். சனிக்கிழமை தோறும் உங்களோடு உட்கார்ந்து பஜனை பாடுகிறேன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமான மறு வருஷம். ரேணிகுண்டாவில் ஒரு சின்ன கம்பெனிக்கு நான் மானேஜர். பூமிக்கடியில் மாக்கல் இருக்கிறதா என்று குழி வெட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். அடிக்கு இவ்வளவு என்று பணம் வரும். கூலி, வெடி, மரம், லாரி எல்லாம் போக நூற்றுக்கு ஐந்து ரூபாய் நின்றால் பெரிது. அந்தச் சமயம் எங்கள் குழிகள் இருந்த நகரிப் பக்கம் மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. போனால் லைசென்ஸ் புதிதாக வாங்க வேண்டும். கம்பெனியில் பணம் போட்ட பங்காளிகள் இருவரும் பயந்துவிட்டார்கள்.

"இந்த வருசம் நூத்துக்குப் பதினஞ்சு நிக்கணும். இல்லன்னா கம்பெனிய மூடிடலாம்" என்றார் பெரியவர்.

எனக்கு மூன்று பெண்கள். கூலியில் கை வைத்தால் ஆட்கள் நிற்க மாட்டார்கள். அதனால் மரத்தில் கை வைத்தேன். குழியின் பக்கவாட்டு மண் சரியாமல் தாங்குகிற முட்டு மரங்களைப் பாதியாக்கினேன். லாபம் ஏறியது. பங்காளிகள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

குழி வெட்டும் முனிரத்தினம் விஜயபுரத்துக்காரர். ஒரு மாலை என்னிடம் வந்தார்.

"மண்ணு உதுந்துக்கினே கீது சாமி. இன்னும் நாலு கட்ட குடு."

"ரெண்டு நாள் வேலதானே. பாத்து வெட்டு."

மறுநாள் காலை முனிரத்தினத்தின் மேல் குழி சரிந்தது.

கடப்பாரை போட்டால் அவர் மேல் படும் என்று கையாலேயே மண்ணை வாரினோம். அவர் மனைவி கங்கம்மா கடலைக் கொல்லையிலிருந்து ஓடி வந்து எங்களோடு வாரினாள். வாய்விட்டு வேண்ட எனக்கு யோக்கியதை இல்லை. "கோவிந்தா, அவரைக் கொடுத்துவிடு. நான் செய்ததை மறைக்க மாட்டேன்" என்று மனசுக்குள் கதறினேன். வெயில் உச்சிக்கு வந்தது. ஆட்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் கங்கம்மாவும் விடவில்லை. அப்போது கீழே இருமல் சத்தம் கேட்டது. ஒரு பாறை சாய்ந்து அவர் தலைக்கு மேல் மறைப்பாக நின்றிருந்தது. கால் மட்டும் முறிந்திருந்தது.

கங்கம்மா என் காலில் விழுந்தாள். "நீதான் சாமி எங்க தெய்வம்."

உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அப்படியே இருந்தேன். நாலாம் நாள் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"லாபத்துக்காக மரத்தக் கொறச்சது நான்தாம்மா."

முனிரத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கங்கம்மாதான் பேசினாள்.

"அவரு வாய்விட்டுக் கேட்டாரே. அப்பகூட குடுக்கலியே நீ."

"குடுக்கல."

"போ சாமி. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

பங்காளிகளிடமும் சொன்னேன். முழு மரம் போட்டால் நூற்றுக்கு மூன்றுதான் நிற்கும், சம்மதமானால் இருக்கிறேன் என்றேன். பெரியவர் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். இளையவர் சம்மதித்தார். முனிரத்தினத்துக்குக் கால் கூடும்வரை கூலி கொடுத்து வந்தோம். கம்பெனி மெலிந்துதான் நடந்தது, ஆனால் நடந்தது. அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

கேட்கத் தகுதியில்லாதவன் கேட்டும் பெருமாள் கொடுத்தான். உங்களில் யாராவது தப்புச் செய்துவிட்டு, எந்த முகத்தோடு மலையேறுவது என்று தயங்கினால், அந்த முகத்தோடேயே ஏறுங்கள். அவன் கேட்பான். இறங்கி வந்ததும், யாருக்குச் செய்தீர்களோ அவர் வீட்டுக்கு நேராகப் போங்கள்.