ஜன்னலக்கா சொன்ன காரணங்கள்

பஸ் டிப்போவில் யார் எந்த வண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று டியூட்டி போடுகிற வேலை ஜன்னலக்காவுக்கு. கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே அவள்; வெளியே டிரைவர்களும் கண்டக்டர்களும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதே ஜன்னல் என்பதால் பட்டப்பெயரும் அதுவே ஆகிவிட்டது. வீட்டில் அவள் புருஷனுக்குக் கோபம் வந்தால், "கொஞ்சம் ஜன்னலச் சாத்தறியா" என்பார். அவள் சாத்தியதாகச் சரித்திரம் இல்லை.

டியூட்டி போடுவதில் என்ன இருக்கிறது, பெயரை எழுதி நேரத்தை எழுதினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் தலைமை அலுவலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அப்படி எழுதிய பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியும் இருந்தது. அதைப் பார்த்து வண்டி எடுத்தவர் எவரும் இல்லை. உண்மையான டியூட்டி ஜன்னலில்தான் முடிவாகும். ஒரு கண்டக்டர் வந்து, "அக்கா, செவ்வாய்க்கிழமை..." என்று இழுப்பார். "தெரியும், போ" என்பாள். அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இன்னொரு டிரைவரும் கண்டக்டரும் சகலைகள். மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டதிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அவர்களை ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. வேறொருவருக்குச் சம்பள நாளுக்கு மறுநாள் முதல் வண்டி கொடுக்கக் கூடாது, மத்தியானத்துக்கு மேல் கொடுத்தால் அவர் தெளிந்திருப்பார். இதெல்லாம் எங்கேயும் எழுதியது கிடையாது. ஜன்னலில் ஒருவர் சொன்னது பக்கத்து நாற்காலிக்குக்கூடப் போகாது. ஓயாத வாய்தான் அவளுக்கு, ஆனால் அடுத்தவர் சங்கதி என்று வந்தால் பூட்டுப் போட்ட வாய்.

டிப்போவை நவீனமாக்குகிறோம் என்று முதல் தடவை கிளம்பியபோது தலைமை அலுவலகத்தார் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, நாளையிலிருந்து டியூட்டியை இதுதான் போடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் போட்டது, வெகு நேர்த்தியாகப் போட்டது. சகலைகள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் உட்கார வைத்தது. விசில் கேட்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்; அந்த மனுஷனுக்காகக் கண்டக்டர் விசில் ஊத மாட்டார். பயணிகளே ஆளுக்கு ஒரு தடவை விசிலடித்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமைக்காரருக்குச் செவ்வாயன்றே வெளியூர் விழுந்தது. அவர் வரவில்லை. அவரைப் போலப் பலர் வரவில்லை. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி மூலையில் தள்ளினார்கள். அதன் தலை டீ டம்ளர் வைக்க வாகாக இருந்தது. ஊழியர்கள் ஒத்துழைக்காததே தோல்விக்குக் காரணம் என்று மேலே எழுதிப் போயிற்று. கேட்கவே கேட்காதவர்களோடு எப்படி ஒத்துழைப்பது என்று எழுதுவார் இல்லை.

இரண்டாம் தடவை வந்தவன் கெட்டிக்காரன். புது மேனேஜர் என்று பெயரே தவிர, இதே ஜன்னலுக்குள் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் குமாஸ்தாவாக இருந்து, பரீட்சை எழுதி மேலே போனவன். அவன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் வேலையையும் சேர்த்து அவளே இழுத்துப்போட்டுச் செய்தாள். அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவனுக்குத்தான். இப்போது நாலு பேர் முன்னால் அவனை 'சார்' என்பாள், தனியாக இருந்தால் பழையபடி 'நீ'.

வந்த வாரமே அவன் மாடியறையை விட்டு இறங்கி வந்து, அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"போன தடவ ஏன் ஊத்திக்கிச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா."

"ஏனாம்?"

"உங்களக் கேக்கல, அதான். டியூட்டி பூரா உங்க தலைக்குள்ள இருக்கு. யாருக்கு என்ன கஷ்டம், எந்த நாள் ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க. உள்ள போட்டுட்டா கம்ப்யூட்டரே அனுசரிச்சுப் போடும். நாளைக்கு நீங்க ரெண்டு நாள் லீவு போட்டாலும் யாரும் தவிக்க வேணாம் பாருங்க."

"அது அவங்கவங்க வீட்டு விஷயம்ப்பா. வெளிய சொல்ல மாட்டேன்னுதான் என்கிட்ட சொல்றாங்க."

"வெளிய எங்க போகப்போகுது? டியூட்டி போட மட்டும்தான். என்னை நம்ப மாட்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் வேலையைக் காட்டியது. கேட்டவன் மேனேஜராக மட்டும் இருந்திருந்தால் அவள் யோசித்திருப்பாள்.

இருந்தாலும் அவளாக எதையும் கொட்டிவிடவில்லை. ஓய்வறைக்குப் போய் எல்லாரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொன்னால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றாள். செவ்வாய்க்கிழமைக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"கம்ப்யூட்டரும் தெரியாது, மேனேஜரும் தெரியாது. உங்களத் தெரியும்க்கா. நீங்க சரின்னா சரி."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டியது திட்டத்துக்கு அல்ல, அவளுக்கு. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆக, எல்லாருடைய கஷ்டத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மடியில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தான். தன் தம்பியுடையதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டாள். தம்பியும் அதே டிப்போவில் டிரைவர். வயசுக்கு முந்தியே கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்தால் எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்முன் பரவி ரோடே மறைந்துவிடும். ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு ஆபரேஷன் என்றாலும் பயம், வேலை போய்விடும் என்றும் பயம். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் அக்காவிடம் மட்டும் சொன்னான். அவளும் விடிகாலை வண்டியே போட்டு, வெயில் இறங்குவதற்குள் அவனை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லாமல் விட்டால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கம்ப்யூட்டர் அவனுக்கு ராத்திரி வண்டியைப் போடும். அவன் வீம்புக்காரன், காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவான். வண்டி நிறைய ஜனம் இருக்கும். அதுதான் அவளுக்குப் பயம். ஓய்வறையில் எல்லாரையும் கேட்ட அன்று தம்பி வண்டியில் இருந்தான். பிறகு கேட்டிருக்கலாம். கேட்டால் முடியவே முடியாது என்பான் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

மேனேஜர் அதைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினான். "இத நான் பாத்துக்கறேன்க்கா. நம்ம தம்பி இல்லையா" என்றான்.

திட்டம் ஜெயித்தது. ஜெயித்தது என்றால் அப்படி இப்படி இல்லை. முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை ஒன்றுகூடத் தாமதம் இல்லாமல் போயிற்று. சகலைகள் எதிரெதிர்த் திசையில் ஓடினார்கள். செவ்வாய்க்கிழமைக்காரருக்குச் செவ்வாயன்று வார விடுமுறையே விழுந்தது. அவர் ஜன்னலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டுப் போட்டவர்கள் வந்து பார்த்தார்கள். மேனேஜர் அவர்கள் முன்னால், "இது எங்க அக்காவோட வெற்றி" என்று மைக்கில் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

பிறகு மாடிக்குக் கூப்பிடும் படலம் ஆரம்பித்தது. முதலில் செவ்வாய்க்கிழமைக்காரரைக் கூப்பிட்டு, இனி உனக்கு நிரந்தர டியூட்டி கிடையாது, தேவைப்பட்டால் சொல்லி அனுப்புவோம் என்றார்கள். சம்பள நாள்காரருக்குத் தானாக வேலையை விட்டுவிடும்படி நல்லவிதமாக எடுத்துச் சொன்னார்கள். சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒரு பெண் கண்டக்டரைத் தூரத்து டிப்போவுக்கு மாற்றினார்கள். எந்த நேரத்துக்கும் வளைந்துகொடுக்கிறவர்கள் போதும், மற்றவர்கள் பாரம் என்று மேலே கணக்குப் போட்டிருந்தார்கள். ஜன்னலக்கா முதலில் தற்செயல் என்று நினைத்தாள். அப்புறம் பார்த்தால் மாடிப்படி ஏறுகிற ஒவ்வொருவரும் அவள் வாயிலிருந்து வந்தவர்கள். நாலாவதாகத் தம்பிக்குக் கண் பரிசோதனைக்கு உத்தரவு வந்தது. பரிசோதித்து, வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதி, பஸ் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

அன்றைக்கு அவள் ஜன்னலை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். 'சார்' எல்லாம் வாயில் வரவில்லை.

"வெளிய போகாதுன்னு சொன்னியே."

"வெளிய போகலையேக்கா. தலைமை அலுவலகம் நம்மளுதுதான? கேட்டாங்க, குடுத்தேன்."

"என் தம்பியையுமா?"

அவன் பேனாவை மூடினான். "கண்ணு சரியில்லாதவர வண்டி ஓட்ட விடச் சொல்றீங்களா? நாளைக்கு ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

அவள் பயமும் அதுதானே. அவளுடைய பயத்தையே எடுத்து அவள் வாயை அடைத்துவிட்டான் பாவி.

"ராத்திரி ஓட்டக் கூடாதுன்னுதான உன்கிட்ட சொன்னேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. தகவல் நீங்க குடுத்ததுதான். நானா ஒண்ணும் சேக்கலக்கா."

அவள் மனுஷர்களுடைய கஷ்டத்தைச் சொல்லியிருந்தாள். மாடிப்படி ஏறுவதற்குள் அது தகவல் ஆகிவிட்டிருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை இவ்வளவு பொறுமையாக, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே செய்ய முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தன் டப்பாவில் சாப்பிட்டவன் என்று நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். கழுவுகிற வேலையில் கைவிரல் எல்லாம் ஊறி வெளுத்திருந்தன.

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான்க்கா புரியல. அந்த டாக்டர்தான் சொல்லியிருக்கணும். நேரா போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன். அந்தாளு இல்லவே இல்லன்னு சாதிக்கிறாரு."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டர் தலையில் பழி விழுந்தால் விழட்டும் என்று ஒரு நொடி நினைக்கவும் செய்தாள்.

"அவர் சொல்லலடா. நான்தான் சொன்னேன்."

தம்பி அவளையே பார்த்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றான். கொடுத்த தண்ணீரைக் குடித்தான், செம்பைக் கீழே வைத்தான், செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு டிப்போவில் யாரும் ஜன்னலில் நின்று, "அக்கா..." என்று இழுக்கவில்லை. அவளைத் திட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்றார்கள். டிரைவர் ஒருவருடைய அம்மா செத்துப்போய் வெகுநாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது, அதற்கு நடுவில் இரண்டு தடவை, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறாள், இரண்டு தடவையும் அவர், "நல்லா இருக்காங்க" என்றிருக்கிறார். கம்ப்யூட்டருக்குப் பழைய கஷ்டங்கள்தான் தெரியும். புதிதாக வந்த நோயும் புதிதாக மூண்ட சண்டையும் அதற்கு யார் சொல்வது? லீவு வேண்டுமென்றால் காரணம் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். முதல் வண்டிகள் மறுபடியும் நிற்க ஆரம்பித்தன.

அதற்குள் மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்து, எல்லா டிப்போவிலும் இதே திட்டத்தைக் கொண்டுவரத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டான். ஒரு நாள் அங்கிருந்து போன் செய்தான்.

"இங்க ஒரு டிப்போல ஆளுங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்கக்கா. நீங்க ஒரு நாள் வந்து பேசினா நம்புவாங்க."

"நம்புவாங்க. அதனாலதான் வரல" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவனைச் சபிக்க நல்ல வார்த்தை ஒன்றாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை லீவு கேட்கிற வரிசையில் தம்பி நின்றான். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம், வரிசையில்தான் நின்றான். முறை வந்ததும் கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்தான்.

"வியாழக்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் லீவு வேணும்."

"எதுக்குடா?"

"உடம்பு சரியில்ல."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. வியாழக்கிழமை சரியில்லாமப் போகும்னு இப்பவே தெரியுமா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவன் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவளே உடம்பு சரியில்லை என்று தட்டினாள்.

சனிக்கிழமை ஒரு கண்டக்டர் சில்லறைப் பையைக் கட்டிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். புதிதாக மாற்றலாகி வந்தவர், டிப்போவின் பழைய கதை அவருக்குத் தெரியாது.

"உங்க தம்பிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமேக்கா. என் வீட்டுக்காரியோட அண்ணன் அதே ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறாரு, சொன்னாரு."

"ஆமா" என்றாள், அப்போதுதான் கேள்விப்படுகிறவள்.

"நல்லதாப் போச்சு. கட்டுப் பிரிச்சதும் மொதல்ல யாரப் பாக்கணும்னாரு?"

ஜன்னலக்கா அடுத்த வண்டியின் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைத்தான்" என்றாள்.