பிரேக் அக்கா காரில் வைத்த கம்ப்யூட்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்மணியை அந்த வட்டாரத்தில் எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்ததைவிட, “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்தியதுதான் அதிகம். மூன்று தெரு தாண்டிக் கேட்கும் குரல். ‘அக்காகிட்ட போனா காது போயிடும், ஆனா லைசென்ஸ் வந்துடும்’ என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

நாற்பத்தாறு வயது. இந்தத் தொழிலுக்கு வருமுன் எட்டு வருடம் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் இருந்தார். மின்சாரம் ஏறி இறங்கினாலும் ஃபிரிட்ஜும் டிவியும் கெட்டுப்போகாமல் காக்கும் பெட்டிக்குள்ளே இருக்கும் பலகைகளில் ஈயம் உருக்கி ஒட்டும் வேலை. கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடினார்கள். அக்கா அழுது முடித்து, ஆறே மாதத்தில் கார் ஓட்டப் பழகி, அடுத்த ஆறு மாதத்தில் பிறருக்குப் பழக்க ஆரம்பித்துவிட்டார். சால்டரிங் அயர்ன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய் அலமாரிக்கு மேலே ஏறியது.

ஒரு திங்கட்கிழமை காலை, மருந்துக்கடை மாடியில் இருக்கும் அவருடைய ஒற்றை அறை ஆபீசுக்கு ஓர் இளம்பெண் வந்தாள். அக்கா, “வாம்மா, உட்காரு” என்றார். அவள் பதில் சொல்லாமல் போனில் எதையோ தட்டி நீட்டினாள்.

‘எனக்குக் காது கேக்காது. லைசென்ஸ் எடுக்கலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். ரெண்டு டிரைவிங் ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?’

அக்கா தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் அவள் மறுபடியும் தட்டினாள்.

‘நான் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறவ. நான் தைச்ச சீட்ல யார் யாரோ உக்காந்து ஓட்டுறாங்க. நான் ஓட்ட வேண்டாமா?’

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்குக் காலைல ஆறரைக்கு வா” என்று விரல்களால் காட்டினார்.

முதல் நாலு நாளும் படாத பாடு. பழைய குடோனுக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில்தான் பயிற்சி. பழக்க தோஷத்தில் அக்கா கத்துவார். உதட்டசைவைப் படிக்க அவள் முகத்தைத் திருப்புவாள். அதற்குள் கார் சுவரைப் பார்த்துக் கிளம்பும். அக்கா தோளைத் தட்டிச் சொன்னால் அவள் தூக்கிவாரிப்போட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவாள். எல்லாவற்றுக்கும் மேல் கியர். முதல் கியரிலேயே என்ஜின் தொண்டை கிழியக் கத்தும். அவள் பாட்டுக்கு ஓட்டுவாள். இல்லையென்றால் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை ஒரே உதறலில் நிறுத்துவாள். அது பழைய சின்ன கார். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் முள்கூட அதில் கிடையாது.

நாலாம் நாள் அவள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்தாள். ‘மத்தவங்க எப்படித் தெரிஞ்சுக்குறாங்க, எப்போ கியர் மாத்தணும்னு?’

‘சத்தத்தை வச்சு’ என்று தட்டப் போன அக்காவின் விரல் அப்படியே நின்றது.  பிறகு படபடவென்று வேறொன்றைத் தட்டினார்.

‘சத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சா உனக்குப் போதுமா?’

அவள் புருவத்தைத் தூக்கினாள்.

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தார். பிறகு கொழுந்தனுக்குப் போன் அடித்தார். அவர் கணவரின் தம்பி. கடைகளில் பில் போடும் மெஷின்களைப் பழுது பார்ப்பவர்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை வா. கார் ரேடியோவைக் கழட்டணும்.”

“புது ரேடியோவா அண்ணி?”

“கம்ப்யூட்டர். தொட்டா வேலை செய்யுற ஸ்கிரீனோட.”

“கார்லயா? எதுக்கு, படம் பாக்கவா?”

“சத்தம் பாக்க.”



ஞாயிறு காலை கொழுந்தன் ஒரு துணிப்பை நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஏதோ மளிகைக்கடை பில் மெஷினிலிருந்து கழற்றிய ஒரு டச் ஸ்கிரீன். வருடக்கணக்கில் ஒரே எழுத்தைக் காட்டிக் காட்டி அதன் மூலையில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்பது தழும்புபோல் பதிந்து கிடந்தது.

“கார் ஓட்ட வர்றவங்களுக்கும் இது பொருந்தும் அண்ணி” என்றார் கொழுந்தன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கருவி சொருகி வண்டியின் கோளாறைப் பார்க்கும் ஓட்டை ஒன்று இருக்கும். அதில் கொழுந்தன் ஒரு ஒயரைச் சொருகினார். என்ஜின் சுற்றும் வேகம் அது வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அதை வட்டமாக்கித் திரையில் காட்டும் புரோகிராமை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அக்கா காகிதத்தில் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான்: என்ஜின் சும்மா முனகினால் நீலம், சரியாக ஓடினால் பச்சை, கியர் மாற்றும் நேரம் வந்தால் ஆரஞ்சு, கதறினால் சிவப்பு. வட்டத்துக்குக் கீழே அக்கா தொட வேண்டிய பட்டன்கள்: மெதுவா, நிறுத்து, இடது, வலது, சபாஷ். தொட்டதும் அந்தச் சொல் திரை முழுக்கப் பெரிதாக வரும்.

சாவியை ஒரு சுற்றுச் சுற்றியதும் திரை பளிச்சென்று எரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த சுற்றில் என்ஜின் கிளம்பியது. திரை பொட்டென்று அணைந்தது. திரும்ப உயிர் வர ஒரு நிமிடம் ஆயிற்று. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி அணைந்தது.

“போச்சு” என்றார் கொழுந்தன். “வண்டி நிக்குறப்பல்லாம் இதுவும் படுத்துடும். பழகுறவங்க கையில வண்டி நிக்காம இருக்குமா?”

அக்கா மட்டும் மலர்ந்து போனார். “டேய் தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச வியாதிடா! ஸ்டார்ட் ஆகும்போது கரண்டை மொத்தமா என்ஜினே உறிஞ்சிடுது. ஒரு செகண்ட் வோல்டேஜ் விழுது. எட்டு வருஷம் நான் இதைத்தானே பாத்தேன்!”

வீட்டுக்குள் ஓடி, அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறினார். பிஸ்கட் டின்னை இறக்கினார். சால்டரிங் அயர்னின் முனை துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சூடு பண்ணி, ஈயத்தைத் தொட்டதும் அந்தப் பழைய புகை வாசம் எழுந்தது.   கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு கருவி, வோல்டேஜைச் சீராக்க ஒரு பலகை, நடுவில் ஒரு ஃபியூஸ் என்று இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றைச் செய்து முடித்தார்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் கிளம்பியது. திரை கண்கூடச் சிமிட்டவில்லை. அணைத்து அணைத்து ஐந்து தடவை திருப்பினார். திரை அணையவே இல்லை. அக்கா இறங்கி ஓடி வந்து பானெட்டின் மேல் இரண்டு கையாலும் தாளம் போட்டார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “லாட்டரியாம்மா?” என்று கேட்டார்.

மறுநாள் அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள். ரேடியோ இருந்த பள்ளத்தில் ஜொலித்த திரையைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு அக்காவின் உற்சாகத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். ‘இவ்வளவு கீழ பாத்தா ரோட்டை யார் பாக்கறது?’

சரியான கேள்வி. அன்று மாலையே கம்ப்யூட்டரைப் பள்ளத்தில் விட்டு, திரையை மட்டும் டேஷ்போர்டுக்கு மேல், பாதையை மறைக்காத உயரத்தில் ஏற்றினார்கள். வெயில் பட்டால் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அவளே கறுப்பு ரெக்ஸினில் தொப்பிபோல் ஒரு மூடியும், தொங்கிய ஒயர்களுக்கு ஓர் உறையும் தைத்துக்கொண்டு வந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி. கம்பெனியிலிருந்தே அப்படி வந்த வண்டி மாதிரி இருந்தது.

‘எனக்கும் ஒரு பட்டன் வேணும்’ என்று கேட்டாள்.

‘என்ன பட்டன்?’

‘கத்தாதீங்க.’

அக்கா திகைத்தார். அவள் தட்டினாள்: ‘எனக்குக் கேக்காதுதான். ஆனா உங்க மூஞ்சி கத்துறது நல்லாவே தெரியுது.’

போனை எட்டிப் பார்த்த கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே அந்தப் பட்டன் ஏறியது.

குடோன் மைதானத்தில் அடுத்த காலை. வட்டம் நீலமாக இருந்தது. அவள் கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி உதறாமல் நகர்ந்தது. பச்சை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். ஆரஞ்சு. கியரைத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இரண்டாவது கியர் விழுந்தது. “அடி சக்கை! சபாஷ்!” என்று கத்திவிட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்து அக்கா சபாஷ் பட்டனை ஏழெட்டுத் தடவை குத்தினார். அவள் ‘கத்தாதீங்க’வைத் தொட்டாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவள் வண்டி எடுக்குமுன் ரெக்ஸின் மூடியை இழுத்துத் திரையை முழுவதுமாக மறைத்தாள். அக்கா பதறி, “ஏன், கெட்டுப்போச்சா?” என்றார்.

அவள் தலையாட்டி மறுத்தாள். அக்காவின் கையை எடுத்துக் கியர் கம்பியின் மேல் வைத்து, என்ஜினை மெல்ல முடுக்கினாள். கம்பி சன்னமாக அதிர்ந்தது. இன்னும் முடுக்கினாள். அதிர்வு தடித்தது. பிறகு போனை நீட்டினாள். ‘முதல்ல வந்தது பச்சை. அடுத்தது ஆரஞ்சு. கையும் காலும் கத்துக்கிச்சு.’

ராப்பகலாக மண்டையை உடைத்துச் செய்த திரையை இவள் ஒரு துணியால் மூடிவிட்டாளே என்று அக்காவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் கை இன்னும் கம்பியின் மேலேயே இருந்தது. இத்தனை வருடம் ஓட்டியும் அந்த அதிர்வைத் தான் கவனித்ததே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. அன்று முழுக்கத் திரை மூடியபடியே அவள் ஓட்டினாள். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

லைசென்ஸ் தேர்வு நாள். தேர்வு அதிகாரி காருக்குள் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, டிவியா? இதையெல்லாம் போட்டுக்கிட்டு ஓட்டக் கூடாது.”

“அணைச்சுட்டோம் சார். அவளுக்கு அது தேவையில்ல” என்றார் அக்கா. 

எந்தக் கைச்சாடைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரியும் அவளும் பேசி வைத்துக்கொண்டார்கள். கார் கிளம்பியது. அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவு முடிந்தது. பின்னால் எடுத்து நிறுத்துவதும் முடிந்தது. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது. அக்காவின் கால் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்தது. அதற்குள் கார் ஒரு மூச்சு இழுத்ததுபோல் நின்று, விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது.

அதிகாரி இறங்கி வந்தார். “காலைலேருந்து பதினாலு பேர் ஓட்டிட்டாங்க. என்ஜினை இவ்வளவு பக்குவமா யாரும் ஓட்டல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், குதித்தாள், அக்காவைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கியே விட்டாள்.

போகும்போது அதிகாரி திரும்பி வந்தார். “அந்த டிவியைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்.” ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வண்ணம் மாறுவதைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவர் இறங்கவில்லை.

செய்தி பரவியது. காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் சேர்ந்தார்கள். காது நன்றாகக் கேட்பவர்களும் ‘அந்த ஸ்கிரீன் வச்ச கார்தான் வேணும்’ என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அக்கா இன்னொரு பழைய கார் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு, கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் பக்கத்தில் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு கார் வந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த குறுகிய இடத்தில் ஒரே திருப்பில் நின்றது. தையல்காரப் பெண் தன் அண்ணனின் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு, அக்காவின் இரண்டாவது காருக்கென்று புதிதாகத் தைத்த ரெக்ஸின் மூடியோடு வந்து இறங்கினாள்.