ஐந்தாவது கிளிப்

ஐந்தாவது கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறார் எனெய்தா சார்ரிஸ். துணி காயப்போடும் சாதாரணக் கிளிப்தான். பூஞ்சை மருந்து ஏறும் நோயாளிகளின் அட்டைகள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தொங்குகின்றன. அவற்றில் நாளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டே வருவார். ஐந்தாம் நாள் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருந்து நிற்கும்.

பாரங்கியா நகரின் இந்தப் பொது மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளர் அவர்தான். வயது ஐம்பத்திரண்டு. எல்லோருக்கும் ‘நீன்யா எனெய்தா’. நீன்யா என்றால் சின்னப்பெண். இந்தக் கடலோரத்தில் எழுபது வயதுக்காரிக்கும் அதுதான் மரியாதை. மருந்து ஃபிரிஜ்ஜின் சாவி, மாதா பதக்கத்தோடு சேர்ந்து கழுத்துச் சங்கிலியில் கிடக்கிறது. சட்டைக்குள்ளிருந்து அதை இழுத்தெடுக்க அவருக்கு ஒரு யுகம் ஆகும். அதற்குள் கேட்டவர் மனசு மாறினாலும் மாறலாம் அல்லவா!

சளியில் பூஞ்சை என்று சீட்டோடு யாராவது வந்தால் போதும், பாட்டு ஆரம்பித்துவிடும். “பூஞ்சை இருக்கறது வேற, பூஞ்சைநோய் இருக்கறது வேற டாக்டர். எங்க வீட்டு பாத்ரூம்லகூட இருக்கு. அதுக்கு ஊசியா போடறேன்?” இளைய டாக்டர்கள் இதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

இப்படிக் கறாராகப் பிறந்தவரல்ல. கொரோனாவின் முதல் அலையில் காய்ச்சல் என்று யார் கேட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, பழைய பூஞ்சை மருந்தை அள்ளிக் கொடுத்தவர் இவரேதான். மூன்று மாதத்தில் அந்த மருந்துக்கு அசையாத ஒரு பூஞ்சை படுக்கை படுக்கையாக ஏறியது. “அதைத் தண்ணி மாதிரி குடிச்சிட்டு வளருது,” என்றார்கள் பரிசோதனைக்கூடத்தில். மூன்று பேர் போனார்கள். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. மறுவாரம் கடைக்குப் போய் ஒரு கட்டுக் கிளிப் வாங்கிவந்தார். இப்போது கைவசம் இருப்பது விலை கூடிய புது மருந்து ஒன்றுதான். அதுவும் கெட்டால் அப்புறம் போக இடமில்லை.

இன்றைய வழக்கு ஆறாம் படுக்கை. யெசித் பாயெஸ்தாஸ், முப்பத்தெட்டு வயது, தெருவிழாக்களுக்கு வீட்டளவு ஒலிப்பெட்டி வாடகைக்கு விடுகிறவர். செயற்கைச் சுவாசத்தில் பதினொன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. டாக்டர் வில்ஃபிரிதோ பெர்துஸ் மருந்து கேட்டார். முதலில் கையிலிருந்து இரத்தம் எடுத்துப் பாருங்கள், கழுத்து நரம்பில் சொருகிய குழாயில் கிருமி இருக்கலாம், அதை மாற்றுங்கள் என்று இவர் மல்லுக்கட்டினார். பாதுகாப்பு உடைகளுக்குப் பஞ்சம் வந்ததிலிருந்து இங்கே ஒரு வழக்கம்: வேலைகளைச் சேர்த்துவைத்து, ஒரே நுழைவில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியேறுவது. அப்படி உள்ளே போன நர்ஸ் அன்று இரத்தமும் எடுத்தார், குழாயையும் மாற்றினார். மறுபடி நுழைய உடை இல்லையே என்ற பயத்தில் எனெய்தாவும் சாவியை எடுத்துவிட்டார். மருந்தும் ஏறியது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது!

எது இறக்கியது? அங்கேதான் தலை சுற்றுகிறது. மூன்றாம் நாள் முடிவு வந்தது, இரத்தம் சுத்தம். அப்படியென்றால் மருந்து வீண், குழாய்தான் குற்றவாளி. ஆனால் பாதி நேரம் பூஞ்சை இரத்தத்தில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். அப்படியென்றால் உயிர் காத்தது மருந்து. நான்கு நாளாக இதையே முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று சீனி போட்ட காப்பியில் மறுபடி சீனி போட்டுக் குடித்தாராம்.

காலையில் வாசலில் யெசித்தின் மனைவி லிஸ்னெய்தி மறித்தாள். “நீன்யா, அந்த மருந்து ஏறினதுக்கப்புறந்தான் அவரு பொழச்சாரு. அதை மட்டும் நிறுத்திடாதீங்க.” விளக்கம் சொல்ல வாயைத் திறந்த எனெய்தாவுக்கு வந்தது ஒரே வார்த்தை: “சரிம்மா.”

மாடியேறி வந்தால் இரண்டாம் படுக்கையின் இரத்தப் பரிசோதனை முடிவு காத்திருக்கிறது. எதெல்மிரா, பள்ளிக்கூட வாசலில் வடை சுட்டு விற்கிறவர். இரண்டு கை இரத்தத்திலும் பூஞ்சை. சந்தேகத்துக்கே இடமில்லை. ஃபிரிஜ்ஜில் இருப்பது நான்கு குப்பி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. தலைநகர் போகோத்தாவிலிருந்து அடுத்த பெட்டி வர நான்கு நாளாகும். மற்ற மருத்துவமனைகளுக்குப் போன் செய்து பார்த்தாயிற்று, எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

“மருந்துதான் கேட்டிருக்கு, நீன்யா,” என்கிறார் பெர்துஸ். கண்ணைச் சுற்றிப் பாதுகாப்புக் கண்ணாடி பதிந்த தடம்.

“குழாயை மாத்தினது, மருந்து ஏத்தினது ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சோம் தம்பி. சூப்புல உப்பு, எலுமிச்சை ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டு எதனால ருசின்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

“அப்ப எதை வச்சு நிறுத்தறீங்க?”

“எதை வச்சுத் தொடரச் சொல்றீங்க? காரணம் சொல்லுங்க.”

பெர்துஸ் பரிசோதனை முடிவுச் சீட்டை மறுபடி புரட்டிப் பார்க்கிறார். அதில் காரணம் இல்லை. எனெய்தாவுக்கோ இன்னும் கேவலமான ஒரு சந்தேகம். ஃபிரிஜ் நிறைய மருந்து இருந்திருந்தால் இன்று நிறுத்துவாரா? விதியைக் காப்பாற்றுகிறாரா, இல்லை பற்றாக்குறைக்கு விதி என்று பெயர் வைக்கிறாரா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. தன் மேலேயே எரிச்சல் வருகிறது.

கையிலிருந்த கிளிப்பை இரண்டாம் படுக்கையின் அட்டையில் மாட்டுகிறார். ஆறாம் அட்டையிலிருந்து நான்கையும் கழற்றுகிறார்.

“காய்ச்சல் திரும்பினா?” என்கிறார் பெர்துஸ்.

“ஓடி வாங்க. சாவி தர்றேன்.”

“சாவி இருக்கும். மருந்து இருக்குமா?”

எனெய்தா கழுத்துக்குக் கை கொண்டுபோகிறார். சங்கிலியை இழுத்து, இன்று ஒரு நொடியில் சாவியை எடுத்து, எதெல்மிராவின் குப்பியை நர்ஸிடம் கொடுக்கிறார். பிறகு, கண்ணாடிச் சுவரைத் தாண்டி உள்ளே போயே பழகாத அந்த மனுஷி, எண்ணி வைத்திருந்த பாதுகாப்பு உடைகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். உள்ளே என்ன வேலை என்று நர்ஸ் கேட்கும்போதே ஆறாம் படுக்கையருகே போய்விடுகிறார்.

தலைக்கு மேலே திரையில் யெசித்தின் காய்ச்சல் அளவு கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனெய்தா அதைப் பார்க்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிய கையை யெசித்தின் நெற்றியில் வைக்கிறார். அந்தக் கையில் சூடு தெரியாது. ஆனாலும் எடுக்காமல் நிற்கிறார்.